பயிற்றுநரும் ஆசிரியரே

கல்லூரி மண்டபங்களின் சுவர்களிலே அதிபர்களின் படங்கள் தொங்குகின்றன. பலகைகளிலே அணித் தலைவர்களின் பெயர்கள் பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. கண்ணாடிப் பேழைகளிலே கிண்ணங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வணிகளை வெயிலிலும் புழுதியிலும் நின்று பயிற்றியவர்களின் பெயரை எங்கே தேடுவது என்று கேட்டால் விடை கூறுவார் இலர். பயிற்றுநர் என்பவர் பிற்பகல் நான்கு மணிக்கு வந்து ஆறு மணிக்குச் செல்பவர். தவணைக்குத் தவணை மாற்றப்படத் தக்கவர். அணி வென்றால் மறக்கப்படுபவர், தோற்றால் மட்டும் நினைக்கப்படுபவர். பெரும்பாலான கல்லூரிகளிலே அவர் நிலை இதுவே. இந்நிலை தகுமா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பொதுப்படப் பேசுவதினும் ஒருவரது வாழ்வை முன்னிறுத்திப் பேசுதல் நன்று. அதற்கென யாம் தெரிந்தெடுத்தவர் அமெரிக்க நாட்டு ரெனிஸ் வீரரும் பின்னாளிற் கல்லூரிப் பயிற்றுநருமாகிய டென்னிஸ் றால்ஸ்ரன். நம் எழுத்திலே ஆட்டத்தின் பெயரும் ஆடியவரின் பெயரும் ஏறத்தாழ ஒன்றாக விழுவது படிப்போருக்குச் சிறிது இடர் விளைக்கும். ஆதலின் இனி அவரை றால்ஸ்ரன் என்றே குறிப்போம். ரெனிசை வரிப்பந்தாட்டம் எனத் தமிழாக்குவாரும் உளர். அச்சொல் நன்றே; ஆயினும் நம் மாணவர் வாயில் வழங்குவது ரெனிஸ் என்பதேயாகலின் அதனையே கொண்டோம்.

உலகம் கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர் யாவர் என்று கேட்டால் எவரும் முதலில் றால்ஸ்ரனின் பெயரைச் சொல்லார். றொட் லேவரைச் சொல்வர். கென் றோஸ்வோலைச் சொல்வர். அவ்வாறு முதலிற் சொல்லப்படாமையினாலேயே அவர் வாழ்வு நமக்குப் பயன்படுகின்றது. மிகப் பெரியோர் பலர் தாம் செய்வதனைப் பிறர்க்கு விளக்க வல்லரல்லர். வாயிலருகே வந்து நின்று உட்புகாது மீண்டவனுக்கே வழியிலுள்ள கல்லும் முள்ளும் ஒவ்வொன்றாய் நினைவிருக்கும்.

அவர் பிறந்தது 1942ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி, கலிபோர்ணியா மாநிலத்துப் பேக்கர்ஸ்பீல்ட் நகரில். 1960ஆம் ஆண்டு விம்பிள்டனிலே, பதினெட்டு வயது நிறையாத நிலையில், மெக்சிக்கோ நாட்டு ரஃபாயேல் ஒசூனாவுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். போட்டிக்கு முன்னர் எவரும் பொருட்படுத்தாத சோடி அது. முதனிலை ஆட்டக்காரரின் நிரலிலும் இடம் பெறாதது. இறுதியாட்டத்திலே பிரித்தானியரான டேவிஸ், வில்சன் இருவரையும் 7–5, 6–3, 10–8 என வீழ்த்தியது. இளமையிலே இத்தகைய வெற்றி வாய்ப்பது நற்பேறா தீப்பேறா என்பது ஆராயத்தக்கது. பதினேழு வயதில் உலகம் கைதட்டினால், இருபத்தேழிலும் அக்கைதட்டலையே செவி தேடும்.

நற்பேறாக அவர் சென்று சேர்ந்த இடம் ஒரு கல்லூரி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே அக்காலத்தில் ரெனிஸ் பயிற்றுநராக இருந்தவர் ஜோர்ஜ் தோலி. அவர் பயிற்றிய காலத்தில் அப்பல்கலைக்கழகம் பத்து முறை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய அணிப் பட்டத்தை வென்றது. ஒசூனாவும் அங்கேயே படித்தார். றால்ஸ்ரன் 1963, 1964ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார். தோலியின் கையால் உருவானோர் வரிசை நெடிது: ஒசூனா, றால்ஸ்ரன், ஸ்ரான் சிமித், பொப் லட்ஸ், எரிக் வன் டிலன் என அது செல்லும். இப்பெயர்களைப் படிப்போர் மனத்திருத்துக; இவற்றுள் மூன்று ஒரே ஆடுகளத்தில் மீண்டும் வரும்.

றால்ஸ்ரனின் பெருங்குறை சினம். தவறிய அடிக்குத் தம்மையே நொந்துகொள்வார், மட்டையை எறிவார், நடுவரின் தீர்ப்புக்கு முகங்கறுப்பார். குறும்புச் சிறுவன் ஒருவனைப் பற்றிய அந்நாட்டுச் சித்திரக் கதையின் பெயரை அவர்க்குச் சூட்டிப் பத்திரிகைகள் மகிழ்ந்தன. 1961ஆம் ஆண்டு டேவிஸ் கிண்ணத்துக்காக மெக்சிக்கோவுடன் ஆடிய ஆட்டத்தில் அவர் நடந்துகொண்ட முறையைக் காரணங்காட்டி, அமெரிக்க ரெனிஸ் சங்கம் சில மாதகாலம் அவரைப் போட்டிகளினின்றும் விலக்கி வைத்தது.

இத்தண்டனையைப் பற்றி எமக்கு ஒரு கருத்துண்டு. தண்டித்தது பிழையன்று. ஆனால் பத்தொன்பது வயதினனைத் தண்டிப்பது சங்கத்துக்கு எளிது. ஒரு கடிதம் போதும். அவனைத் திருத்துவது எளிதன்று; அதற்கு நாள்தோறும் பிற்பகலில் ஒருவர் அவனருகில் நிற்றல் வேண்டும். சங்கங்கள் முன்னதைச் செய்தன. பின்னதைச் செய்ய எஞ்சியோர் பயிற்றுநர்களே. நம் பாடசாலைகளிலும் நிலைமை வேறன்று. ஒழுங்கீனம் செய்த ஆட்டக்காரனை அணியினின்று நீக்கும் ஆணையிற் கையெழுத்திடப் பலர் உளர். மறுநாள் அவனை அழைத்து, நேற்று உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

1963ஆம் ஆண்டு இறுதியிலே அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் டேவிஸ் கிண்ணப் போட்டி நடைபெற்றது. ஐந்தாண்டுகளாக அமெரிக்காவுக்குக் கிட்டாதிருந்த கிண்ணம் அது. அதற்கு முன்னர்ப் பம்பாயிலே இந்திய அணியை வென்றே அமெரிக்கர் அங்குச் சென்றனர் என்பது நம் அயலவர் நினைவு கொள்ளத்தக்க செய்தி. அமெரிக்க அணியின் தலைவர் றொபேட் கெலெகர். அணியின் தூண்கள் இருவர்: சக் மக்கின்லியும் றால்ஸ்ரனும். இருவரும் முன்கோபத்திற் பெயர் பெற்றவர்கள். முதல் ஆட்டத்திலே றால்ஸ்ரன் இளைஞரான ஜோன் நியூகோமை ஐந்து செற்களில் வென்றார். இரட்டையர் ஆட்டத்தில் அவரும் மக்கின்லியும் வென்றனர். இறுதி ஆட்டத்தில் மக்கின்லி நியூகோமை வெல்ல, 3–2 எனக் கிண்ணம் கைமாறியது. சினமுடைய இருவரைக் கொண்டு வெற்றி பெற்ற கெலெகர் பின்னர் அமெரிக்க ரெனிஸ் சங்கத் தலைவராகவும் நீதிபதியாகவும் விளங்கினார். இவ்விருவரையும் மேய்த்த பின் நீதிமன்றம் அவர்க்கு ஓய்விடமாகத் தோன்றியிருத்தல் கூடும்!

அடுத்த ஆண்டு கதை மாறியது. 1964இற் கிளீவ்லன்ட் நகரில், தம் நாட்டு மக்கள் முன்னிலையில், அமெரிக்க அணி இரட்டையர் ஆட்டம் முடிய 2–1 என முன்னின்றது. இன்னும் ஓராட்டம் வென்றாற் கிண்ணம் அங்கேயே தங்கும். ஆடச் சென்றவர் றால்ஸ்ரன். எதிர்நின்றவர் பிரெட் ஸ்ரோல். முதலிரண்டு செற்களை இழந்த றால்ஸ்ரன் அடுத்த இரண்டையும், நான்காவதை 11–9 எனப் போராடியும், பெற்றார். ஐந்தாவது செற் 6–4 என ஸ்ரோலுக்குப் போயிற்று. பின் றோய் எமேசன் மக்கின்லியை வெல்லக் கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. 1965இல் ஸ்பானியரிடம் பாசலோனாவிலும், 1966இற் பிரேசிலரிடமும் அமெரிக்க அணி தோற்றது. அவ்விரு அணிகளிலும் றால்ஸ்ரன் இருந்தார். அந்த 1966ஆம் ஆண்டிலேதான் அவர் விம்பிள்டன் ஒற்றையர் இறுதியாட்டத்தை எட்டினார். ஸ்பானியரான மனுவேல் சந்தானா 6–4, 11–9, 6–4 என நேர் செற்களில் வென்றார். றால்ஸ்ரன் பெற்ற பெரும்பட்டங்கள் யாவும் இரட்டையர் பட்டங்களே. ஒற்றையரில் அவர்க்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.

இவ்விடத்திலே பலர் அவர் வாழ்வை மூடிவிடுவர். "வாய்ப்பிருந்தும் எய்தாதவர்" என்று ஒரு வரி எழுதி அடுத்தவரிடம் செல்வர். எமக்கோ அவர் வாழ்வின் மிக வளமான பகுதி இங்கிருந்தே தொடங்குவதாகத் தோன்றுகின்றது.

1966ஆம் ஆண்டு இறுதியில் அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். இன்றைய மாணவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்காது. அக்காலத்தில் விம்பிள்டன் முதலிய பெரும்போட்டிகளும் டேவிஸ் கிண்ணமும் ஊதியம் பெறாது ஆடுவோர்க்கு மட்டுமே உரியவை. வெளிப்படையாகப் பணம் பெற்று ஆடுபவர் அவ்வாடுகளங்களில் கால் வைத்தல் ஆகாது. முந்திய ஆண்டு இறுதியாட்டம் ஆடியவர் மறு ஆண்டு அப்போட்டியிற் பெயர் கொடுக்க இயலாதவரானார். ஊதியம் பெறாதோர் எனப்பட்டவரோ "செலவுப் பணம்" என்ற பெயரில் மேசையின் கீழே கைநீட்டிப் பெற்றுக்கொண்டிருந்தனர். இது எல்லார்க்கும் தெரியும். எல்லாரும் தெரியாதவர் போல இருந்தனர். மேசையின் மேலே வாங்கியவன் இழிந்தவன், கீழே வாங்கியவன் கனவான் என்பது அக்கால அறம்!

இவ்வறம் ஆங்கிலேயரிடமிருந்து நம் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்ததொன்று. கிறிக்கெற் ஆட்டத்திலே கனவான்கள் வேறு, கூலியாட்டக்காரர் வேறு என்ற பிரிவினை இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டிறுதி வரையும் நிலைத்திருந்தது. ஒரே அணியில் ஆடினும் இருசாராரும் வெவ்வேறு வாயிலாற் களம் புகுந்த மைதானங்கள் இருந்தன. விளையாட்டைக் கற்பித்துச் சம்பளம் வாங்குபவர் மற்றை ஆசிரியரினும் ஒருபடி தாழ்ந்தவர் என்னும் எண்ணம் இன்றும் நம்மிடையே ஒட்டிக்கொண்டிருக்குமாயின், அதன் வேர் இங்கேதான் உளது. இலக்கணம் கற்பித்து ஊதியம் பெறுதல் இழிவன்று. கணிதம் கற்பித்துப் பெறுதலும் இழிவன்று. பந்தடிக்கக் கற்பித்துப் பெறுவது மட்டும் எவ்வாறு இழிவாகும்? இதற்கு யாம் இதுகாறும் தக்க விடை கேட்டிலேம்.

காலம் விரைவாக மாறியது. 1967ஆம் ஆண்டு டலஸ் நகரச் செல்வரான லமார் ஹன்ற் முதலியோர் தொழில்முறைக் குழுவொன்றை அமைத்தனர். நியூகோம், றோச், டிறைஸ்டேல், பிலிச், ரெயிலர், புக்கோல்ஸ், பார்த்தேஸ், றால்ஸ்ரன் ஆகிய எண்மரை அதிற் சேர்த்தனர். "அழகிய எண்மர்" என அவர்களுக்குப் பெயர். வெண்ணிற ஆடைக்கு மாறாக வண்ண ஆடை உடுத்து அவர்கள் ஆடியமை பழைமையாளர் பலரை வெகுளச் செய்தது. 1968 மார்ச்சிலே பாரிசிற் கூடிய உலக ரெனிஸ் சம்மேளனம், இருசாராரும் ஒன்றாய் ஆடலாம் என ஒப்பியது. அவ்வாண்டு ஏப்பிரலிற் போண்மத் நகரில் முதற் பொதுப்போட்டி நடந்தது. அதே ஆண்டு றால்ஸ்ரன் விம்பிள்டனுக்குத் திரும்பிக் காலிறுதியில் லேவருடன் ஐந்து செற் ஆடித் தோற்றார். 1970இல் அவுஸ்திரேலியப் போட்டியிலே நியூகோமை 19–17, 20–18, 4–6, 6–4 என வென்றது அவர் ஆற்றலுக்கு மட்டுமன்றி அவர் பொறுமைக்கும் சான்று. முதலிரண்டு செற்களிலேயே எழுபத்து நான்கு கேம்கள்! மட்டையை எறிந்துகொண்டிருந்தவரால் ஆடத்தக்க ஆட்டமன்று அது.

இனி புக்காரெஸ்ற் நகருக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு முதலாக நான்காண்டு றால்ஸ்ரன் அமெரிக்க டேவிஸ் கிண்ண அணியின் ஆடாத் தலைவராக இருந்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் இறுதிப்போட்டி றுமேனியாவின் தலைநகரிலே செம்மண் களத்தில் நடந்தது. றுமேனியரிடம் இருந்தவர் இலி நஸ்தாசே. சில வாரங்களுக்கு முன்னரே அமெரிக்கப் பகிரங்கப் பட்டம் வென்றவர். உடன் நின்றவர் இயோன் திரியாக். களத்தில் எதிரியின் மனத்தைக் கலைப்பதிற் கைதேர்ந்தவர். மியூனிக் ஒலிம்பிக் படுகொலை நிகழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அமெரிக்கக் குழுவில் யூத வீரர் இருவர் இருந்தமையாற் குழுவினர் செல்லுமிடமெல்லாம் காவலர் சூழ்ந்தனர். பார்வையாளர் கூச்சல் ஒருபுறம். கோட்டு நடுவரின் வெளிப்படையான ஓரவஞ்சனை மறுபுறம். கோட்டுக்கு வெளியே விழுந்தது உள்ளே என்றாயிற்று. உள்ளே விழுந்தது வெளியே என்றாயிற்று. ஆர்ஜன்ரீன நாட்டு மத்தியஸ்தர் என்றிக்கே மொறேயா இடையறாது தலையிட வேண்டியிருந்தது.

முதல் ஆட்டத்தில் ஸ்ரான் சிமித் நஸ்தாசேயை நேர் செற்களில் வென்றார். இரண்டாம் ஆட்டத்திலே ரொம் கோர்மன் முதலிரு செற்களையும் பெற்றிருந்தும் திரியாக்கிடம் தோற்றார். கிளீவ்லன்டில் ஐந்தாம் செற்றில் ஒரு கிண்ணத்தைக் கைநழுவ விட்டவர் இப்போது களத்தோரக் கதிரையில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க. மறுநாள் இரட்டையர் ஆட்டம். சிமித்தும் வன் டிலனும் நஸ்தாசே, திரியாக் சோடியை 6–2, 6–0, 6–3 என எளிதாய் வென்றனர். மூன்றாம் நாள் சிமித்தும் திரியாக்கும். அன்றைய அநீதிகளை எழுதப் புகின் இம்மலர் போதாது. நான்கு செற் முடிவில் இருவரும் சமம். ஐந்தாம் செற்றைச் சிமித் 6–0 எனப் பெற்றார். கிண்ணம் அமெரிக்காவுக்கு, முழுத் தொகை 3–2.

பழைய மாணவர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் நின்ற சிமித், வன் டிலன், களத்தோரத்தில் அமர்ந்த றால்ஸ்ரன் ஆகிய மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். தோலி என்னும் ஒரே பயிற்றுநரின் கைப்பட்டவர். புக்காரெஸ்ற் களத்தில் தோலி இல்லை. செய்தித்தாள்களின் தலைப்பிலும் அவர் பெயர் இல்லை. ஆயினும் அக்கிண்ணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுதல் அரிதன்று.

மற்றொன்றும் உளது. டேவிஸ் கிண்ணத்திலே அணித்தலைவர் களத்தோரத்தில் அமர்ந்து, ஆட்டக்காரர் பக்கம் மாறும் இடைவேளையில் அவர்களுடன் பேசலாம். செய்யத்தக்கது அவ்வளவே, ஒரு பந்தையும் அவர் அடித்தல் இயலாது. மெக்சிக்கோ ஆட்டத்தில் அடங்காச் சினத்துக்காக விலக்கப்பட்டவருக்குப் பதினோராண்டு கழித்து, சினத்துக்கு முழு நியாயமும் இருந்ததோர் இடத்திலே, பிறர் சினத்தை அடக்கும் பணி வந்து சேர்ந்தது. குழு ஆட்டத்தைக் கைவிட்டு வெளியேறவில்லை, சிமித் நிலைகுலையவில்லை. பிறப்பிலேயே அமைதி வாய்ந்தவர் ஒருவர் அக்கதிரையில் இருந்திருந்தால் இவ்வளவு பயன்பட்டிருப்பாரா என்பது எமக்கு ஐயமே. நோய்வாய்ப்பட்டுத் தேறியவன் நோயின் முதற்குறியை விரைவில் அறிவான்.

மறு ஆண்டு 1973இல், லேவர், நியூகோம் முதலியோரைக் கொண்ட அவுஸ்திரேலிய அணி கிளீவ்லன்டில் அமெரிக்கரை 5–0 எனத் துடைத்தெறிந்தது. தலைமைப் பதவி 1975உடன் முடிந்தது. அதுவும் வழக்கமான கதை, நீட்ட வேண்டியதில்லை.

1980களிலே றால்ஸ்ரன் டலஸ் நகரிலுள்ள தென் மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் ரெனிஸ் பயிற்றுநராகப் பணியாற்றினார். லமார் ஹன்ற் படித்த கல்லூரி அதுவே. 1972இல் றோஸ்வோலும் லேவரும் மோதிய புகழ்பெற்ற தொழில்முறை இறுதியாட்டம் நடந்ததும் அதன் மூடி மண்டபத்திலேயே. ஆகவே தொழில்முறை ஆட்டமும் கல்லூரி ஆட்டமும் அவ்வளாகத்தில் ஒன்றையொன்று கண்டு நாணவில்லை. 1983ஆம் ஆண்டு அவருடைய அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதிவரை சென்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. தேசியக் கிண்ணம் அவர் காலத்தில் அக்கல்லூரிக்குக் கிட்டவில்லை.

கிண்ணப் பேழையை மட்டும் பார்ப்போர் இதையும் ஒரு குறை என எழுதிக்கொள்வர். ஆனால் அமெரிக்கக் கல்லூரி ரெனிஸ் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்தோர் அவ்வாறு எழுதார். அந்நாளில் ஓரணி மற்றோரணியை எதிர்க்கும்போது ஆறு ஒற்றையர் ஆட்டம், மூன்று இரட்டையர் ஆட்டம், ஆக ஒன்பது. முதலாம் இடத்தில் ஆடுபவன் பெறும் வெற்றிக்கும் ஆறாம் இடத்தில் ஆடுபவன் பெறும் வெற்றிக்கும் ஒரே மதிப்பு. எனவே நட்சத்திரம் ஒருவனைக் கொண்டு அணியை நடத்தல் ஒண்ணாது. ஆறாமவனுடைய இடக்கை அடியைத் திருத்துவதற்கும் முதலாமவனுடையதைத் திருத்துவதற்கும் பயிற்றுநர் ஒரே நேரம் செலவிட வேண்டும். அன்றியும் நான்காண்டில் மாணவன் வெளியேறிவிடுவான். நன்கு ஆடுபவன் தொழில்முறைக்கு அதற்கு முன்னரே போய்விடுவான். ஆண்டுதோறும் மணலிற் கோடு கீறி ஆண்டுதோறும் அலை அழிக்கக் காண்பது போன்றது அத்தொழில். தனியொருவர்க்குப் பயிற்சி அளிப்பவர் ஈட்டும் பணமும் புகழும் அதில் இல்லை. கிறிஸ் எவர்ட், யானிக் நோவா, கபிரியேலா சபாத்தினி ஆகிய பெருவீரர்க்கும் றால்ஸ்ரன் பயிற்சி அளித்துள்ளார். அத்தகைய ஒருவர் ஒரு கல்லூரியின் ஆறாம் இடத்து மாணவனுக்காக வெயிலில் நின்றார் என்பதே எம் கண்ணிற் படுகின்றது.

அவருடைய மாணவர் சிலரைக் கூறுவோம். றொட்னி ஹாமன் என்னும் கறுப்பின மாணவர் 1982இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் காலிறுதியை எட்டினார். தரவரிசையிற் பின்தங்கி நின்றவர் பெற்ற வெற்றி அது. பின் அவரே கல்லூரிப் பயிற்றுநராகி மற்றொரு தலைமுறையை உருவாக்கினார். றிச்சி றெனெபேக் 1993இல் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தை அடைந்தார்; 1992இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டமும் 1995இல் அவுஸ்திரேலியப் பட்டமும் பெற்றார். தோலியிடமிருந்து றால்ஸ்ரனுக்கும், றால்ஸ்ரனிடமிருந்து ஹாமனுக்கும் வந்த இவ்வுரிமைக்கு நம் நாட்டில் ஒரு பெயர் உண்டு. இசையிலும் நாதஸ்வரத்திலும் நாம் அதனைப் பாட்டன் பெயர் சொல்லிப் போற்றுகின்றோம். ஆடுகளத்தில் மட்டும் அதனைக் காண மறுக்கின்றோம்.

அமெரிக்க முறை முழுவதும் நமக்கு ஏற்றதென யாம் கூறவில்லை. ஆட்டத்துக்கென நன்கொடை கொடுத்து மாணவரைத் தேடிப் பிடிப்பதும், படிப்பு ஒரு சாட்டாக நிற்பதும் அங்கே பலகாலும் கண்டிக்கப்பட்டவை, நாமும் கண்டிப்போம். ஆயின் பயிற்றுநரைக் கல்லூரியின் நிலையான உறுப்பினராகக் கொண்டு, பல்லாண்டு அவரை ஓரிடத்தில் இருத்தி வைக்கும் வழக்கம் மட்டும் கடன் வாங்கத் தக்கது. தோலி கால் நூற்றாண்டு ஓரிடத்தில் இருந்தார். அவரைத் தவணைக்கொருமுறை மாற்றியிருந்தால் மேற்கூறிய வரிசையில் எத்தனை பெயர் எஞ்சியிருக்கும்?

1987இல் றால்ஸ்ரனின் பெயர் அமெரிக்காவின் நியூபோட் நகரிலுள்ள ரெனிஸ் புகழ் மண்டபத்திற் பொறிக்கப்பட்டது. முதுமை அவர்க்கு எளிதாயிருக்கவில்லை. இளமையில் ஆடியதன் விலையை முழங்கால்கள் கேட்டன. சத்திரசிகிச்சைகள் தொடர்ந்தன, வலிக்கு உண்ட மாத்திரைகள் பழக்கமாகி அவரைப் பிணித்தன. அதனை மறையாது கூறி, சிகிச்சை பெற்று மீண்டார். 2010இல் ஒரு காலை முழங்காலின் கீழே அகற்ற நேர்ந்தது. செயற்கைக் காலுடன் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலே ஆடுகளத்துக்குத் திரும்பி இளைஞர்க்கும் முதியோர்க்கும் பயிற்சி அளித்தார். 2020 டிசம்பர் 6ஆந் திகதி தமது 78ஆம் வயதிற் காலமானார்.

இனி நம் பக்கம் பார்ப்போம். யூபிலி ஆண்டிலே பழைய மாணவர் நிதி திரட்டுதல் வழக்கம். கொடுப்போரும் மனமுவந்தே கொடுப்பர். அந்நிதி எதற்காகின்றது? பார்வையாளர் கூடம், வாயில் வளைவு, நினைவுத் தூண், கிண்ணங்கள். இவற்றிற் கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கலாம். பயிற்றுநரின் மாதச் சம்பளத்திற் பெயர் பொறிக்க இடமில்லை. ஆதலாற் போலும் அதற்குக் கொடுப்பார் அரியர். எத்தனையோ பாடசாலைகளில் அழகிய கூடம் நிற்க, அதன் முன்னுள்ள களத்திலே பதினொருவர் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்டிருக்கின்றனர்.

எம் கருத்து இது. யூபிலி நிதியில் ஒரு பகுதியை, ஐந்தாண்டுக்குக் குறையாமல், ஒரு பயிற்றுநரின் ஊதியத்துக்கென ஒதுக்குதல் வேண்டும். ஆட்டம் ரெனிசாகவும் இருக்கலாம், கிறிக்கெற்றாகவும் இருக்கலாம். அதனை அதிபர் தீர்மானிப்பாராக. அப்பயிற்றுநர் ஆடிப் பழகியவராகவும், கூடுமாயின் தோற்றுப் பழகியவராகவும் இருத்தல் நன்று. ஆசிரியர் கூட்டத்தில் அவர்க்கு ஒரு கதிரை இடுதல் வேண்டும். ஒழுங்கீனத்துக்காக ஒரு மாணவனை அணியினின்று நீக்குமுன் அவர் சொல்லைக் கேட்டல் வேண்டும். முதலாண்டிலே கிண்ணம் வரவில்லை என்று எவரும் அவரிடம் கணக்குக் கேட்டலாகாது. ஐந்தாம் ஆண்டிறுதியிற் கேட்கலாம். அப்போதும் கேட்கவேண்டியது எத்தனை கிண்ணம் என்பதன்று, ஆறாம் இடத்தில் ஆடிய மாணவன் இன்று எங்கே இருக்கின்றான் என்பதே. சங்கத்தின் நிதிக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.